கறுப்பினப் பெண் நாடகாசிரியர்களுக்கு ஒரு மாலை: அமெரிக்காவில் நாடக வாசிப்பு நடத்துவது எப்படி

ஊர் நூலகம், பள்ளி, அலுவலகம் எதுவானாலும், ‘கறுப்பினப் பெண்கள் எழுதிய நாடகங்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தலாமே’ என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் அந்த வேலை ஒருவர் தலையில் விழும். எங்கள் ஊர் நூலகக் குழுவில் அது என் தலையில் விழுந்தது. நாடகம் போடுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த நாட்டில் நாடகம் என்பது முதலில் காகித வேலை, பிறகுதான் மேடை. அந்தக் காகித வேலையை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தராததால் நான் பட்ட பாடு போதும். நீங்களாவது சுலபமாகச் செய்யுங்கள்.

கீழே உள்ளதெல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்துவது. கனடா, பிரிட்டன், இந்தியா என்றால் காப்புரிமைக் கணக்கே வேறு.

1. எந்த அளவு நிகழ்ச்சி என்று முதலில் முடிவெடுங்கள்

முழு நாடகம் போட முதல் தடவை முயலாதீர்கள். நாடக வாசிப்பு போதும். நடிகர்கள் கையில் பிரதியோடு, நாற்காலியில் உட்கார்ந்தோ நின்றோ வாசிப்பார்கள். செட் வேண்டாம், உடையலங்காரம் வேண்டாம், நாலைந்து ஒத்திகையில் தயாராகிவிடலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சும்மா வாசிக்கத்தானே போகிறோம், டிக்கெட்கூட இல்லையே, உரிமம் எதற்கு?’ என்பார்கள். பொது இடத்தில் வாசித்தால் அதுவும் நிகழ்த்துதல்தான். டிக்கெட் இலவசம் என்பதால் நாடகத்துக்கு விலக்குக் கிடையாது. ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் செய்தாலும் அனுமதி வேண்டும். விலக்கு உள்ள இடங்கள் இரண்டு. வகுப்பறையில் ஆசிரியரும் மாணவர்களும் பாடத்தின் பகுதியாக வாசிப்பது ஒன்று. உங்கள் வீட்டுக் கூடத்தில் குடும்பமும் நண்பர்களும் கூடி வாசிப்பது மற்றொன்று. பணமே இல்லை என்றால் வீட்டுக் கூடத்திலிருந்து தொடங்குங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

2. நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள்: உரிமம் வேண்டியவை, வேண்டாதவை

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959 மார்ச் 11 அன்று பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளில், அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல் முறை. நல்ல தேர்வுதான். ஆனால் முழுதாக வாசித்தால் மூன்று மணி நேரத்தைத் தொடும், பாத்திரங்கள் பத்துக்கு மேல். நூலகம் எட்டரைக்குக் கதவைச் சாத்தும் ஊரில் இது நடக்காது.

ஆள் எண்ணிக்கையை வைத்து யோசித்தால் வேலை சுலபம். என்டோசாகே ஷாங்கேயின் ‘ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்’ நாடகத்துக்கு ஏழு பெண்கள் போதும். ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஒரு நிறம், ஒன்றரை மணி நேர அளவு, கவிதையாக ஓடும், வாசிப்புக்கென்றே எழுதியதுபோல இருக்கும். லின் நாட்டேஜின் ‘இன்டிமேட் அப்பேரல்’ 1905ஆம் ஆண்டு நியூயார்க்கில் உள்ளாடை தைத்துப் பிழைக்கும் எஸ்தர் என்ற பெண்ணின் கதை. ஆறு பேர் வேண்டும், நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். சூசன்-லோரி பார்க்ஸின் ‘டாப்டாக்/அண்டர்டாக்’ இரண்டே ஆண்கள். 2002இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றது இதுதான். அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். நாட்டேஜ் 2009, 2017 என இரண்டு முறை வாங்கிவிட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும், ராயல்டி உண்டு.

கையில் காசு இல்லையா? பழைய ஓரங்க நாடகங்களுக்குப் போங்கள். என்னைக் கேட்டால் காசு இருந்தாலும் அங்கேதான் போகச் சொல்வேன். பலருக்கு ஹான்ஸ்பெரிக்கு முன்னால் யாருமே இல்லை என்ற எண்ணம். அமெரிக்காவில் 1929 வரை அச்சில் வெளியானவற்றுக்கு 2025 ஜனவரியிலிருந்து காப்புரிமை இல்லை. வெளியாகி 95 ஆண்டு என்ற கணக்கில் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இன்னோர் ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைப்பவற்றில் சில: ஆஞ்சலினா வெல்ட் கிரிம்கேயின் ‘ரேச்சல்’ (இது மட்டும் மூன்று அங்க நாடகம், 1916இல் வாஷிங்டனில் மேடையேறி 1920இல் அச்சானது), மேரி பர்ரில்லின் ‘ஆஃப்டர்மாத்’ (1919), ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘கலர் ஸ்ட்ரக்’ (1926), ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சனின் ‘ப்ளூம்ஸ்’ (1927), மரீட்டா பானரின் ‘த பர்ப்பிள் ஃப்ளவர்’ (1928).

இவற்றில் ‘ப்ளூம்ஸ்’ புதியவர்களுக்கு ஏற்றது. மூன்று பேர் மேடையில் இருந்தால் போதும், அரை மணிக்குள் முடியும். தெற்கே ஓர் ஏழைக் குடிசை. உள்ளறையில் மகள் சாகக் கிடக்கிறாள். தாய் சாரிட்டியிடம் சேர்த்து வைத்த ஐம்பது டாலர் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு டாக்டர் கேட்பதும் ஐம்பது டாலர்தான், அதற்கும் அவர் உறுதி சொல்லத் தயாரில்லை. அதே பணத்தில் மகளுக்கு இறகு சூடிய குதிரைகள் இழுக்கும் வண்டியோடு ஊர் மெச்சச் சாவு எடுக்கலாம். தோழி டில்டி காப்பி மண்டியில் குறி பார்க்கிறாள். ‘சாவையாவது கௌரவமாக எடுக்கணும்’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நாடகத்துக்கு விளக்கவுரையே வேண்டாம்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, எழுதிய ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு. அதே ஜான்சன் 1925இல் எழுதிய ‘எ சண்டே மார்னிங் இன் த சவுத்’ அப்போது அச்சாகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தொகுப்பு நூலில் வந்தது. ‘1925 என்றால் இலவசம்’ என்று அதை எடுத்துவிடாதீர்கள். மற்றொன்று, பழைய நாடகத்தின் புதிய பதிப்பில் இருக்கும் முன்னுரை, குறிப்புகள், பதிப்பாசிரியர் செய்த மாற்றங்கள் இவற்றுக்குத் தனிக் காப்புரிமை இருக்கும். முதலில் வெளியான இதழின் ஸ்கேன் செய்த பக்கங்களைத் தேடி எடுங்கள். ‘ப்ளூம்ஸ்’ வந்தது ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இதழில், ‘த பர்ப்பிள் ஃப்ளவர்’ வந்தது ‘த கிரைசிஸ்’ இதழில். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

3. உரிம விண்ணப்பம்

பிரதியின் முதல் சில பக்கங்களிலேயே உரிமம் தருபவர் யார் என்று இருக்கும். ‘எ ரெய்சின் இன் த சன்’, ‘ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்’ இரண்டும் கான்கார்ட் தியேட்ரிகல்ஸ் கையில் (பழைய சாமுவேல் ஃப்ரெஞ்ச் இப்போது அவர்களிடம்தான்). ‘இன்டிமேட் அப்பேரல்’, ‘டாப்டாக்/அண்டர்டாக்’ இரண்டும் டிராமாட்டிஸ்ட்ஸ் ப்ளே சர்வீஸ் கையில். உரிமம் கைமாறுவதுண்டு, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் திறக்கும் முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்:

- நடத்தும் அமைப்பின் பெயர், முகவரி, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் யார்
- லாப நோக்கற்ற அமைப்பு என்றால் 501 சி 3 கடிதத்தின் (வரிவிலக்குக் கடிதம்) நகல்
- அரங்கின் பெயர், இருக்கைகளின் எண்ணிக்கை
- தேதி, எத்தனை காட்சி
- டிக்கெட் விலை, இலவசம் என்றால் இலவசம் என்று
- நடிகர்கள் தொழில்முறையா, அமெச்சூரா
- முழு நாடகமா, வாசிப்பா, எடுத்த பகுதியா

இருக்கை எண்ணிக்கை முக்கியம், கட்டணம் அதைப் பார்த்துத்தான் வரும். நூலகத்தின் பெரிய அறையில் இருநூறு பேர் உட்காரலாம், நீங்கள் எதிர்பார்ப்பது அறுபது பேர் என்றால், அறுபது நாற்காலிதான் போடுவோம் என்று நூலகத்திடம் எழுத்தில் வாங்கி அந்த எண்ணைத் தர முடியுமா என்று உரிமம் தருபவரிடம் கேளுங்கள். சில சமயம் ஒத்துக்கொள்வார்கள்.

அமெச்சூர் குழுவுக்கு முழு நாடகம் என்றால் ஒரு காட்சிக்கு நூறு டாலரை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தொகையை அவர்கள்தான் சொல்வார்கள். பதில் சில நாளிலும் வரலாம், சில வாரமும் ஆகலாம். அந்த நாடகம் பெரிய அரங்குகளில் மறுபடி மேடையேறப் போகிறது என்றால் அமெச்சூர் உரிமத்தை நிறுத்தி வைத்துவிடுவார்கள். உங்கள் ஊர் எவ்வளவு சின்னது என்று எழுதிக் கெஞ்சிப் பயனில்லை. அதனால் இரண்டாவது நாடகம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

ஒப்பந்தம் வந்து, கையெழுத்திட்டு, பணம் கட்டிய பிறகுதான் போஸ்டர். விண்ணப்பம் போட்டாகிவிட்டதே என்று முகநூலில் அறிவித்துவிடாதீர்கள்.

4. பிரதி: வாங்குங்கள், ஆனால் கை வைக்காதீர்கள்

நடிப்புப் பிரதி ஒன்று பத்து முதல் பதினைந்து டாலர். வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, இயக்குநருக்கு ஒன்று, மேடை மேற்பார்வையாளருக்கு ஒன்று. ஒரே பிரதியை வாங்கி, படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆகப் போடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. இதில் அது வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: வசனத்தில் எதையும் வெட்டவோ சேர்க்கவோ மாற்றவோ கூடாது. வெட்ட வேண்டுமென்றால் எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதி முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் சில சமயம் கிடைக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும்.

சம்பிரதாயம் என்று இந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதிய ‘ட்ரபிள் இன் மைண்ட்’ 1955இல் நியூயார்க்கில் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. வெள்ளை இயக்குநரின் கீழ் ஒத்திகை பார்க்கும் ஒரு கறுப்பின நடிகை, தனக்கு எழுதித்தந்த பாத்திரம் பொய் என்று எதிர்த்து நிற்பதுதான் கதை. பிராட்வேக்குக் கொண்டுபோக முன்வந்தவர்கள் மாற்றங்கள் கேட்டார்கள். அவர் இணங்கவில்லை. அந்த நாடகம் பிராட்வே ஏறியது 2021இல், அவர் இறந்து 27 ஆண்டு கழித்து. அன்று மாற்றிக் கொடுத்திருந்தால் ஹான்ஸ்பெரிக்கு முன்னால் அவர் பெயர் இருந்திருக்கும். அப்படிப்பட்டவர் எழுதியதை எடுத்துக்கொண்டு, நேரம் போதவில்லை என்று நாம் இரண்டாம் அங்கத்தில் நாலு பக்கத்தைக் கிழித்தால் அதற்குப் பெயர் மரியாதையா?

கெட்ட வார்த்தை விஷயமும் இதில்தான் வரும். இந்த நாடகங்கள் பலவற்றில் இனவசைச் சொற்கள் இருக்கின்றன. குழந்தைகள் வருவார்கள் என்று நீங்களாக அவற்றை எடுத்துவிட முடியாது. முதல் ஒத்திகையில் வாசிப்பவர்களோடு அதைப் பற்றிப் பேசுங்கள், அறிவிப்பில் ‘பெரியவர்களுக்கானது’ என்று போடுங்கள், வாசலிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் வேறு நாடகம் எடுங்கள்.

தமிழில் மொழிபெயர்த்து வாசிக்க ஆசையா? காப்புரிமை உள்ள நாடகம் என்றால் மொழிபெயர்ப்பு தனி உரிமை. எழுத்தாளரின் முகவரிடமோ குடும்பத்தாரிடமோ போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். மேலே சொன்ன பழைய ஓரங்க நாடகங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

5. யார் வாசிப்பது

இதைப் பேசத்தான் பலருக்கும் கூச்சம். கறுப்பினப் பாத்திரங்களைக் கறுப்பினக் கலைஞர்கள்தான் வாசிக்க வேண்டும். சில ஒப்பந்தங்களிலேயே பாத்திரத்தின் இனத்துக்கேற்ற நடிகர் என்ற நிபந்தனை இருக்கும். நிபந்தனை இல்லாவிட்டாலும், ‘ப்ளூம்ஸ்’ போன்ற நாடகங்கள் தெற்கத்திய கறுப்பினப் பேச்சு வழக்கில், உச்சரிப்பையே எழுத்தாக்கி எழுதப்பட்டவை. அந்தப் பேச்சோடு வளராதவர் வாசித்தால் ஒரே நிமிடத்தில் கேலிக்கூத்தாகிவிடும்.

‘எங்கள் குழுவில் எல்லோரும் இந்தியர்களாயிற்றே’ என்றால், நீங்கள் அமைப்பாளர்களாக இருங்கள். அதிலேயே வேலை ஏராளம். உங்கள் பகுதியில் கறுப்பின நாடகக் குழு இருக்கிறதா, கறுப்பினர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரிகள் பக்கத்தில் உள்ளனவா, தேவாலய நாடகக் குழு உண்டா என்று பாருங்கள். நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவர்களிடம் போங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ‘நீங்கள் வந்து வாசித்துக் கொடுங்கள்’ என்று போனால் முகம் கொடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. இயக்கவும் அவர்களில் ஒருவரையே கேளுங்கள்.

இலவசமாக வாருங்கள் என்று கேட்காதீர்கள். சின்னத் தொகையானாலும் சன்மானம், ஒத்திகைக்குச் சாப்பாடு, பெட்ரோல் செலவு. பணம் தருவதற்கு அமைப்பு டபிள்யூ-9 படிவம் (பணம் பெறுபவரின் வரி விவரம்) கேட்கும், முதல் ஒத்திகையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். நடிகர்கள் யாராவது ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற தொழில்முறை நடிகர் சங்கத்தின் உறுப்பினரா என்றும் அப்போதே கேளுங்கள். உறுப்பினர் என்றால் வாசிப்புக்குக்கூடச் சங்கத்தின் விதிகள் உண்டு. சங்கத்துக்கு எழுதி அனுமதி வாங்கும் பொறுப்பு உங்களுடையது.

நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. லிங்கன் சென்டரில் உள்ள பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் பிராட்வே நாடகங்களின் ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. நூலக அட்டை வேண்டும், முன்பதிவு வேண்டும், எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க முடியும். காசு கிடையாது. அதே பொது நூலகத்தின் கறுப்பின வரலாற்றுப் பிரிவான, ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையத்தில் ஹான்ஸ்பெரி, சில்ட்ரெஸ் இருவரின் ஆவணங்களும் இருக்கின்றன. இயக்குநரை அனுப்பி வையுங்கள்.

6. அரங்கும் இன்சூரன்ஸும்

நூலக அறை பெரும்பாலும் இலவசம், ஆனால் டிக்கெட் விற்கக் கூடாது என்ற விதி இருக்கலாம். பள்ளி அரங்கு என்றால் வாடகையோடு காவலாளி, துப்புரவு, விளக்கு இயக்குபவர் என்று தனித்தனியாகப் போடுவார்கள். மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் சான்று கேட்பார்கள். ஒருநாள் நிகழ்ச்சிக்கான பொறுப்புக் காப்பீடு, வழக்கமாகப் பத்து லட்சம் டாலர் வரம்பு, நூறிலிருந்து இருநூற்றைம்பது டாலருக்குள் கிடைத்துவிடும். அந்தச் சான்றில் அரங்கின் சட்டப்பூர்வப் பெயரைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்க வேண்டும். இந்தப் பெயர் விஷயத்தில்தான் இழுத்தடிப்பார்கள். நாங்கள் அணுகிய ஓர் அரங்கில் பலகையில் ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர். எது சரி என்று அவர்களே முடிவுசெய்வதற்குள் நிகழ்ச்சி வாரம் வந்துவிட்டது. முதல் மின்னஞ்சலிலேயே ‘சான்றில் எந்தப் பெயர் வர வேண்டும்?’ என்று கேட்டுவிடுங்கள்.

7. போஸ்டர், படங்கள், பாட்டு

போஸ்டரில் நாடகாசிரியர் பெயர் எந்த அளவில் வர வேண்டும், உரிமம் தந்தவர் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை அப்படியே வெட்டி வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். உங்கள் அமைப்பின் தலைவர் பெயர் நாடகாசிரியர் பெயரைவிடப் பெரிதாக வரக் கூடாது. சிரிக்காதீர்கள், நம் ஊர் போஸ்டர் பழக்கம் எங்கே போனாலும் கூட வரும்.

வாசலில் படக் காட்சி வைக்க நினைத்தால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கார்ல் வான் வெக்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். ஹர்ஸ்டன், நடிகைகள் எதெல் வாட்டர்ஸ், பேர்ல் பெய்லி எல்லோரும் இருக்கிறார்கள். தரவிறக்கக் கட்டணம் இல்லை. படத்தை வெட்ட வேண்டாம், வண்ணம் ஏற்ற வேண்டாம், எடுத்தவர் பெயரைப் போடுங்கள் என்று அவர் தரப்பில் கேட்டிருக்கிறார்கள், அதை மதியுங்கள்.

‘எ ரெய்சின் இன் த சன்’ என்ற தலைப்பு லாங்ஸ்டன் ஹியூஸ் கவிதையிலிருந்து வந்தது. நாடக உரிமம் இருக்கிறதே என்று அந்தக் கவிதையை நிகழ்ச்சிநிரலில் அச்சிடாதீர்கள், அதற்குத் தனி அனுமதி. இடைவேளையில் ப்ளூஸ் பாட்டு ஒலிக்க விடுவதென்றால் அரங்குக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதிவு செய்வது பற்றி ஒரே வரி: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய வீடியோ கிடையாது, நேரலை கிடையாது, யூடியூப் கிடையாது. பார்வையாளர்களில் யாராவது கண்டிப்பாகப் போனைத் தூக்குவார்கள். அதைத் தடுக்க ஓர் ஆளைப் போடுங்கள், கொஞ்சம் முகம் கடுத்த ஆளாகப் பார்த்து.

8. தேதியும் செலவும்

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த மாதத்தில் அரங்கு கிடைக்காது, நல்ல கறுப்பின நடிகர்களை ஏழு இடத்தில் கூப்பிட்டிருப்பார்கள். மார்ச் 11 ‘ரெய்சின்’ அரங்கேறிய நாள். மே 19 ஹான்ஸ்பெரி பிறந்தநாள். செப்டம்பர் 15 ‘ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்’ 1976இல் பிராட்வே ஏறிய நாள். இவற்றை ஒட்டிய ஒரு சனிக்கிழமை போதும்.

நான் இப்போது பின்பற்றும் வரிசை இது. ஆறு மாதம் முன்பு கூட்டாளிக் குழுவும் நாடகமும். ஐந்து மாதம் முன்பு அரங்குத் தேதி, அதே வாரம் உரிம விண்ணப்பம். மூன்று மாதம் முன்பு ஒப்பந்தம், பணம், பிரதிகள். இரண்டு மாதம் முன்பு வாசிப்பவர்கள் முடிவு, போஸ்டர். ஒரு மாதம் முன்பு இன்சூரன்ஸ் சான்று. கடைசி மூன்று வாரத்தில் ஒத்திகை.

ஏழு பேர் நாடகம், ஒரே காட்சி, நூலக அறை என்றால் ராயல்டி நூறு, ஒன்பது பிரதிக்கு நூற்று முப்பத்தைந்து வரை, இன்சூரன்ஸ் நூற்றைம்பது, அச்சுக்கு ஐம்பது. வாசிப்பவர் ஏழு பேர், இயக்குநர் ஒருவர், ஆளுக்கு நூறு என்றால் எண்ணூறு. சாப்பாடு தண்ணீர் சேர்த்து ஆயிரத்து முந்நூறு, நானூறில் நிற்கும். ‘ப்ளூம்ஸ்’ மாதிரி பழைய ஓரங்க நாடகம் இரண்டைச் சேர்த்துப் போட்டால் ராயல்டியும் பிரதிச் செலவும் போய்விடும். மீதமாகும் பணத்தைச் சன்மானத்தில் சேர்த்துவிடுங்கள். மாநிலக் கலைக்குழு, ஊராட்சி, நூலக நண்பர்கள் குழு ஆகியவற்றில் சிறிய நல்கைகள் உண்டு. அவற்றுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், முதல் வேலையாகப் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரவே காசோலைகளைக் கையில் கொடுத்துவிடுங்கள், தபாலில் அனுப்புகிறோம் என்று சொல்லாதீர்கள். டிக்கெட் விற்றிருந்தால், எத்தனை விற்றது என்ற கணக்கை ஒப்பந்தம் கேட்டிருக்கிறதா என்று பார்த்து, கேட்டிருந்தால் அதை அனுப்புங்கள். ஒப்பந்தம், ரசீது, இன்சூரன்ஸ் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு அமைப்பின் அலுவலகத்தில் வையுங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அடுத்த ஆண்டு இந்த வேலை வேறொருவர் தலையில் விழும், அவருக்கு வேண்டும். அதே அரங்கு மறுபடி வேண்டுமென்றால் நாற்காலி அடுக்கும்போதே அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் தேதியைச் சொல்லி எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.